ஒரு கட்டத்துக்குள் இருபது லட்சம் புள்ளி

காட்டூர், பழவேற்காடு பக்கத்துப் பிள்ளைகளுக்கு ராக்கெட் ஒன்றும் புதிதல்ல. ஏரிக்கு அந்தப் பக்கம்தான் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் கிளம்புகிற நாளில் கடலில் இன்ன பகுதிக்குப் படகு போகக் கூடாது என்று முன்கூட்டியே அறிவிப்பு வந்துவிடும். கரையில் நின்று பார்த்தால் நெருப்பு முதலில் தெரியும், சத்தம் ஆற அமரத்தான் வந்து சேரும். 2022 நவம்பர் 26 அன்று அப்படிக் கிளம்பியது பி.எஸ்.எல்.வி. சி-54. அது சுமந்துபோன செயற்கைக்கோள்களில் பெரியது ஓஷன்சாட்-3. கடலின் நிறத்தைப் படம் பிடிப்பது அதன் வேலை.

கடலுக்கு என்ன நிறம், நீலம்தானே என்று சொல்லிவிடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் அதிகம் மிதக்கிற இடத்தில் தண்ணீர் கொஞ்சம் பச்சையடிக்கும். பாசி இருந்தால் அதைத் தின்கிற சின்ன உயிர்கள் வரும், அவற்றைத் தின்ன மீன் வரும். அதனால் ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம், செயற்கைக்கோள் சொல்லும் பாசிக் கணக்கையும் கடல்நீரின் வெப்பத்தையும் சேர்த்துப் பார்த்து, எந்தப் பக்கம் மீன் கூடியிருக்க வாய்ப்பு உண்டு என்று மீனவர்களுக்குத் தகவல் அனுப்புகிறது.

ஓஷன்சாட் எடுக்கும் படம் சின்னச் சின்னச் சதுரக் கட்டங்களால் ஆனது. ஒரு கட்டம் கடலில் 360 மீட்டர் நீளம், 360 மீட்டர் அகலம் உள்ள பரப்பைக் குறிக்கும். பெருக்கிப் பாருங்கள்: 1,29,600 சதுர மீட்டர், அதாவது 32 ஏக்கர். உங்கள் வீடு, பள்ளிக்கூடம், விளையாட்டுத் திடல், கடைத்தெரு எல்லாவற்றையும் ஒரே கட்டத்துக்குள் போட்டு, அதற்கு ஒரே ஒரு நிறத்தைப் பூசிவிடும் அந்தக் கேமரா.

மட்டமான கேமரா என்று தோன்றுகிறதா? இதே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2019 நவம்பர் 27 அன்று போன கார்ட்டோசாட்-3 என்ன செய்கிறது, பாருங்கள். அதன் கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு கட்டம் தரையில் 25 சென்டிமீட்டர்தான். நிறுத்தி வைத்த படகு, படகாகவே தெரியும். ஆனால் அந்தக் கேமரா ஒரு தடவை கடந்து போகும்போது சுமார் 16 கிலோமீட்டர் அகலத்தை மட்டுமே படம் எடுக்க முடியும். ஓஷன்சாட்டோ ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் அகலமாகக் கடலை அள்ளிக்கொண்டு போகிறது. வங்காள விரிகுடா முழுக்கப் பாசி தேடுகிறவருக்குப் படகின் மூலைமுடுக்கு எதற்கு?

வலை பின்னுகிறவர்கள் இதை எப்போதோ கண்டுகொண்டார்கள். இறால் வலைக்குக் கண் சிறுசு, நண்டு வலைக்குக் கண் பெரிசு. கண் சிறுத்தால் பொடி மீனும் தப்பாது; ஆனால் நூல் அதிகம், விலை அதிகம், தண்ணீரில் இழுக்கப் பாடும் அதிகம். எதைப் பிடிக்கப் போகிறோம் என்பதை முடிவு செய்துவிட்டுத்தான் வலைக்கண்ணை முடிவு செய்வார்கள்.

இப்போது ஒரு கணக்கு. ஓஷன்சாட்டின் ஒரு கட்டத்துக்குள் கார்ட்டோசாட்டின் கட்டங்கள் எத்தனை அடங்கும்? 360 மீட்டரை 25 சென்டிமீட்டரால் வகுத்தால் 1,440. நீளத்தில் 1,440, அகலத்திலும் 1,440. இரண்டையும் பெருக்கினால் 20,73,600. இந்த எண்ணைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

கடையில் லேப்டாப் விளம்பரத் தாளை எடுத்தால் "1920 x 1080" என்று ஒரு வரி இருக்கும். கடைக்காரர் அதை "ஃபுல் எச்.டி." என்பார். திரையில் குறுக்காக 1,920 புள்ளி, மேலிருந்து கீழாக 1,080 புள்ளி என்று அர்த்தம். புள்ளிக்குப் பெயர் பிக்சல். இந்தக் கணக்குக்குப் பெயர் ரெசல்யூஷன். 1,920ஐ 1,080ஆல் பெருக்குங்கள். 20,73,600! ஒரு புள்ளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இது யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல, தற்செயல்தான். ஆனாலும் இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு ஒரே குஷி. விண்வெளியிலிருந்து 32 ஏக்கரை ஒரே புள்ளியாகப் பார்ப்பதற்கும், அதையே அரைக்கை அளவு நுணுக்கத்தில் பார்ப்பதற்கும் நடுவே இருக்கிற வித்தியாசம், ஒரு லேப்டாப் திரை நிறையப் புள்ளிகள்.

சரி, வீட்டில் அக்காவோ அண்ணனோ பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குப் போகிறார்கள், லேப்டாப் வாங்க வேண்டும். எந்தத் திரை வாங்குவது?

தமிழ்நாட்டில் பல வீடுகளுக்குள் நுழைந்த முதல் லேப்டாப் அரசு கொடுத்ததுதான். 2011 செப்டம்பர் 15 அன்று அந்தத் திட்டம் தொடங்கியது நம் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில். அந்தக் காலத்து அரசு லேப்டாப்பின் திரை 14 அங்குலம், ரெசல்யூஷன் 1366 x 768. மொத்தம் 10,49,088 புள்ளி. அன்றைக்கு அது போதும். அதே ரெசல்யூஷன் உள்ள லேப்டாப் இன்றும் குறைந்த விலையில் கிடைக்கிறது. அதற்கு மேலே ஃபுல் எச்.டி.; அதற்கும் மேலே 3840 x 2160, அதாவது 4கே, மொத்தம் 82,94,400 புள்ளி. எண் பெருகப் பெருக நல்லது என்று விற்பவர் சொல்வார். அதை அப்படியே நம்ப வேண்டாம். நம் கண்ணிடம் கேட்டுப் பார்ப்போம்.

ஒரு வெள்ளைத் தாளில் கறுப்புப் பேனாவால், 1 மில்லிமீட்டர் தடிமனில், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கோடு போடுங்கள். நடுவே இடைவெளியும் 1 மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும். தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு, பார்த்துக்கொண்டே பின்னால் நடங்கள். ஓர் இடத்தில் இரண்டு கோடும் ஒட்டி ஒன்றாகிவிடும். நல்ல கண் உள்ளவருக்கு அது ஏறக்குறைய மூன்றரை மீட்டரில் நடக்கும். நுணுக்கமாகச் சொன்னால் 3.4 மீட்டர். கண் மருத்துவர் வீட்டு எழுத்துப் பலகையும் இதே கணக்கில் செய்ததுதான். நெதர்லாந்து மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன் 1862இல் வெளியிட்ட முறை அது. ஆறு மீட்டர் தள்ளி நின்று பார்க்கும் அந்தப் பலகையில் "6/6" வரிசை எழுத்தின் உயரம் சுமார் 9 மில்லிமீட்டர். அந்த எழுத்தின் ஒவ்வொரு கோடும், நம் இரண்டு கோட்டுச் சோதனையில் 3.4 மீட்டரில் 1 மில்லிமீட்டர் எவ்வளவு சின்னதாகத் தெரியுமோ அவ்வளவு சின்னதாகத் தெரியும். (உங்களுக்கு ஒன்றரை மீட்டரிலேயே கோடுகள் ஒட்டிக்கொண்டால், சோதனை தப்பு என்று தாளைக் கிழித்துப் போடாதீர்கள். ஆசிரியரிடமோ அம்மாவிடமோ சொல்லுங்கள். கண்ணாடி தேவைப்படலாம்.)

1 மில்லிமீட்டருக்கு 3.4 மீட்டர் என்றால், 0.1 மில்லிமீட்டருக்கு 34 சென்டிமீட்டர். இனி எந்தத் திரையையும் நீங்களே அளந்துவிடலாம். 14 அங்குலத் திரையின் அகலத்தை அளவுகோலால் அளந்தால் 31 சென்டிமீட்டர், அதாவது 310 மில்லிமீட்டர் வரும். 1,366 புள்ளி உள்ள திரையில் ஒரு புள்ளியின் அகலம் 310ஐ 1,366ஆல் வகுத்தால் கிடைக்கும்: சுமார் 0.23 மில்லிமீட்டர். இந்தப் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியாமல் மறைய வேண்டுமானால் நாம் 78 சென்டிமீட்டர் தள்ளி உட்கார வேண்டும். அவ்வளவு தூரத்தில் கை விசைப்பலகைக்கு வசதியாக எட்டுமா? எட்டாது. வழக்கமாக லேப்டாப்பிலிருந்து 50, 60 சென்டிமீட்டர் தூரத்தில்தான் உட்காருகிறோம். அதனால்தான் அந்தத் திரையில் எழுத்தின் வளைவெல்லாம் படிப்படியாக, ரம்பப் பல் போலத் தெரிகிறது.

அதே 14 அங்குலத்தில் ஃபுல் எச்.டி. என்றால் ஒரு புள்ளி 0.16 மில்லிமீட்டர். மறையும் தூரம் 55 சென்டிமீட்டர். நாம் உட்காரும் தூரமும் அதுதான்! 15.6 அங்குலத் திரைக்கு அகலம் 34.5 சென்டிமீட்டர், அதில் ஃபுல் எச்.டி. என்றால் புள்ளி 0.18, தூரம் 62 சென்டிமீட்டர். அதுவும் சரிதான். ஆனால் அதே 15.6 அங்குலத்தில் 4கே வாங்கினால் புள்ளி 0.09 மில்லிமீட்டர், அந்த நுணுக்கம் முழுக்கக் கண்ணுக்குக் கிடைக்க வேண்டுமென்றால் 31 சென்டிமீட்டரில் முகத்தைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். உங்கள் வயதுக் கண்கள் பெரியவர்களுடைய கண்களைவிடச் சற்றுக் கூர்மையாக இருக்கலாம், அதனால் எல்லை கொஞ்சம் முன்னே பின்னே போகும். இருந்தாலும் நான்கு மடங்கு புள்ளிகளுக்குக் காசு கொடுத்து, அவற்றை ஒரு வினாடிக்கு அறுபது முறை நிரப்புவதற்கு மின்சாரமும் கொடுத்து, பேட்டரி சீக்கிரம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். படம் வரைவதும் வீடியோ வெட்டுவதும் தொழிலாக உள்ளவருக்கு அது தேவை. கல்லூரிக்குப் போகும் அக்காவுக்கு ஃபுல் எச்.டி. போதும். என்னைக் கேட்டால், 4கேக்குக் கொடுக்கும் பணத்தில் நினைவகத்தைக் கூட்டி வாங்கச் சொல்வேன்.

தமிழ் படிக்கிறவர்களுக்கு 1366 x 768 ஏன் இடிக்கிறது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆங்கிலத்தில் ஐ, எல் எழுத்துகளுக்கு ஒரு கோடு போதும். நம் மூன்று சுழி "ண"வை நினைத்துப் பாருங்கள். சுழிகளின் கோடுகளுக்கு நடுவே வெள்ளை இடைவெளி விழுந்தால்தான் அது மூன்று சுழி. இல்லாவிட்டால் இரண்டு சுழி "ன"வோ என்று சந்தேகம் வரும். கோட்டுக்கு ஒரு புள்ளி, இடைவெளிக்கு ஒரு புள்ளி என்று கஞ்சத்தனமாகக் கொடுத்தாலும் சுழிகளுக்கு மட்டுமே ஏழெட்டுப் புள்ளி அகலம் வேண்டும். "க்" மேலே வைக்கும் புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவே ஒரு வரிசையாவது காலியாக இருக்க வேண்டும். சின்ன எழுத்தில் புள்ளி போய் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். அக்கா கடைக்குப் போகும்போது கூடப் போங்கள். ஒரு தமிழ்ச் செய்திப் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, சின்ன எழுத்தில் ண, ன, ஞ, ஜ எல்லாம் பிரிந்து தெரிகிறதா என்று பாருங்கள். கடையில் ஓடும் கிளி, பூ, அருவி வீடியோவைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது எந்தத் திரையிலும் அழகாகத்தான் இருக்கும்.

ஃபுல் எச்.டி. வாங்கி வந்தபின் சிலர் ஒரு காரியம் செய்வார்கள். "எழுத்து ரொம்பச் சின்னதாக இருக்கிறது" என்று சொல்லி, அமைப்புகளுக்குப் போய் ரெசல்யூஷனை 1366 x 768 என்று குறைத்துவிடுவார்கள். எழுத்து பெரிதாகும், கூடவே மங்கலாகும். ஏன்? திரையில் உள்ள 1,920 புள்ளிகள் கண்ணாடிக்குள் நிரந்தரமாகச் செய்து வைத்தவை. 1,366 புள்ளிப் படத்தை அதில் பரப்பினால், ஒரு படப்புள்ளிக்கு 1.4 திரைப்புள்ளி என்று கணக்கு வரும். அரைகுறைப் புள்ளியை எரிய வைக்க முடியாதே! பக்கத்துப் புள்ளியோடு நிறத்தைப் பங்கு போட்டுக் கலக்க வேண்டியதுதான். அந்தக் கலப்புதான் மங்கல். எழுத்து பெரிதாக வேண்டுமென்றால் ரெசல்யூஷனில் கை வைக்காமல், அதே பக்கத்தில் 100, 125, 150 சதவீதம் என்று இருக்கும் அளவை மாற்றுங்கள். அப்போது கணினி எழுத்தையே பெரிதாக வரையும். புள்ளிகள் எல்லாம் முழுசாக வேலை செய்யும்.

இதுவரை புள்ளி, புள்ளி என்றேன். ஒரு புள்ளி உண்மையில் ஒன்றல்ல. வெள்ளைப் பக்கம் தெரியும் கைபேசித் திரையில், விரல் நுனியால் ஒரு பொட்டுத் தண்ணீர், குண்டூசித் தலை அளவுக்கு, வையுங்கள். (லேப்டாப்பில் வேண்டாம், தண்ணீர் ஓரத்தில் இறங்கிவிடும்.) துளி ஒரு சின்ன உருப்பெருக்கியாகி, வெள்ளைக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று பொடிப்பொடியாக மின்னும். லேப்டாப் திரையில் ஒவ்வொரு பிக்சலும் இந்த மூன்று நிறத் துண்டுகளின் கூட்டு. மூன்றும் முழுதாக எரிந்தால் வெள்ளை. சிவப்பும் பச்சையும் மட்டும் என்றால் மஞ்சள். மூன்றும் அணைந்தால் கறுப்பு.

பெரும்பாலான லேப்டாப்பில் இந்தத் துண்டுகள் தாமாக ஒளி விடுவதில்லை. பின்னால் வெள்ளை விளக்கு எப்போதும் எரிகிறது. முன்னால் திரவப் படிகம் என்ற ஒரு பொருள், மின்சாரத்துக்குத் தக்கபடி தன் மூலக்கூறுகளைத் திருப்பி ஒளியைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது. திரவம் போல ஓடும், ஆனால் படிகம் போல மூலக்கூறுகள் ஒழுங்காகத் திசை பார்த்து நிற்கும். 1888இல் பிராக் நகரில் ஃபிரீட்ரிக் ரைனிட்ஸர் என்ற தாவரவியலார் இந்த விசித்திரத்தை முதலில் பார்த்தார். கேரட்டிலிருந்து எடுத்த ஒரு பொருள் 145.5 டிகிரியில் உருகிக் கலங்கலாகவும், 178.5 டிகிரியில் மறுபடி மாறித் தெளிவாகவும் ஆனது. ஒரே பொருளுக்கு இரண்டு உருகுநிலையா என்று குழம்பிப் போனார் மனிதர்.

அதற்கப்புறம் பல பத்தாண்டுகள், குச்சி வடிவ மூலக்கூறுகள்தான் இப்படி நிற்கும் என்று உலகம் நினைத்துக்கொண்டிருந்தது. 1977இல் பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தில் எஸ். சந்திரசேகரும் அவர் குழுவும், தட்டு வடிவ மூலக்கூறுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நின்று திரவப் படிகமாகும் என்று காட்டினார்கள். இந்தச் சந்திரசேகர் சர் சி.வி. ராமனின் சகோதரி மகன். நட்சத்திரங்களை ஆராய்ந்து நோபல் பரிசு வாங்கிய சந்திரசேகர் வேறு ஒருவர். பக்கவாட்டில் பார்த்தால் நிறம் மாறிப்போகும் பழைய திரைகளின் குறையைத் தீர்க்க, பின்னாளில் ஜப்பானின் ஃபியூஜிஃபிலிம் ஒரு மெல்லிய படலம் செய்தது. அதில் இருப்பது அந்தத் தட்டு வகைப் படிகம்தான். ராக்கெட் மட்டும்தான் நம் அறிவியல் என்று யாராவது சொன்னால் இதை எடுத்துக் காட்டுங்கள்.

இப்போது பழுதுகளுக்கு வருவோம். திரைப் பழுது என்றாலே "டிஸ்பிளே போச்சு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். பழுதின் உருவத்தைப் பார்த்தே எது கெட்டது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

ஃபுல் எச்.டி. திரையில் 1,080 வரிசைக் கம்பிகள் படுக்கையாக ஓடுகின்றன. நிறத்துக்கு ஒன்றாக 1,920ஐ மூன்றால் பெருக்கினால் 5,760 கம்பிகள் நெட்டுக்குத்தாக ஓடுகின்றன. படுக்கைக் கம்பியும் நெட்டுக் கம்பியும் சந்திக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு பொடி டிரான்சிஸ்டர். மொத்தம் 62,20,800. முதல் வரிசையைத் தட்டி எழுப்பி 5,760 கம்பி வழியாக நிறக் கணக்கைக் கொடுத்து, உடனே இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை என்று வினாடிக்கு அறுபது தடவை மேலிருந்து கீழே இறங்குகிறது வேலை. ஒரு வரிசைக்குக் கிடைக்கும் நேரம் வினாடியில் 64,800இல் ஒரு பங்கு.

இதில் ஒரே ஒரு டிரான்சிஸ்டர் கெட்டால் ஒரே ஒரு நிறத்துண்டு பழுது. அது எப்போதும் சிவப்பாகவோ பச்சையாகவோ நீலமாகவோ எரிந்துகொண்டே இருந்தால் ஸ்டக் பிக்சல்; முழுப் புள்ளியும் எப்போதும் கறுப்பாகவே இருந்தால் டெட் பிக்சல். ஒரு நெட்டுக் கம்பியின் இணைப்பு விட்டுப்போனால் மேலிருந்து கீழ் வரை ஒரு கோடு. வரிசைக் கம்பி போனால் படுக்கைக் கோடு. திரையின் ஓரத்தில் பல கம்பிகளுக்குச் சேர்த்துச் செய்தி அனுப்பும் சில்லு கழன்றால், கோடு போய் அகலப் பட்டையே வந்துவிடும்.

கோடு விழுந்த படம் விண்வெளியிலிருந்தும் வந்திருக்கிறது. அமெரிக்காவின் லேண்ட்சாட்-7 செயற்கைக்கோளில், அதன் முன்னோக்கிய நகர்வை ஈடுகட்டும் ஒரு கருவி 2003 மே 31 அன்று நின்றுபோனது. அன்றிலிருந்து அதன் ஒவ்வொரு படத்திலும் சாய்வாகக் கறுப்புப் பட்டைகள். படத்தில் 22 சதவீதம் காலி! தூக்கி எறிந்தார்களா? இல்லை. இருபது ஆண்டுக்கு மேல் அதை வைத்து வேலை வாங்கினார்கள். காலியான இடத்துக்கு வேறு நாள் எடுத்த படத்திலிருந்து ஒட்டுப்போட்டார்கள். ஆகவே லேப்டாப்பில் ஒரு கோடு விழுந்தால் உடனே புதிது கேட்டு வீட்டில் அடம்பிடிக்க வேண்டாம். அதோடு எத்தனை பாடக் குறிப்பு எழுத முடியும்!

பழுது திரையிலா, உள்ளே இருக்கும் கணினியிலா என்று கண்டுபிடிக்க இரண்டு சுலபமான வழி உண்டு. திரையில் கோடு தெரியும்போது ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை அப்பாவின் கைபேசிக்கு அனுப்பிப் பாருங்கள். ஸ்கிரீன்ஷாட் என்பது கணினி தன் மனதில் வரைந்து வைத்திருக்கும் படத்தின் நகல். திரைக்கண்ணாடியில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. கைபேசியிலும் கோடு தெரிந்தால் தப்பு கணினி வரைந்ததில். கைபேசியில் தெரியாவிட்டால் பெரும்பாலும் தப்பு திரையிலோ, அதற்குப் போகும் கேபிளிலோ. இரண்டாவது வழி, எச்.டி.எம்.ஐ. கம்பியால் டி.வி.யோடு இணைப்பது. டி.வி.யில் படம் சுத்தமாக வந்தால் கணினி நல்லபடியாகவே இருக்கிறது.

திரை முழுக்கக் கறுத்துப்போனால் "செத்துப்போச்சு" என்று முடிவு கட்டுமுன், இருட்டறையில் டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால், படம் வரைகிற பகுதி வேலை செய்கிறது, பின்விளக்கு மட்டும் எரியவில்லை.

ஒரு வேடிக்கையான பழுது உண்டு. திரையில் ஒரு கறுப்புப் புள்ளி. டெட் பிக்சல் என்று நினைத்து மறுநாள் பார்த்தால் அது வேறு இடத்தில்! டெட் பிக்சல் நடக்காது. அது இலைப்பேன் மாதிரி ஒரு பொடிப் பூச்சி, விளக்கு வெளிச்சத்துக்கு ஆசைப்பட்டுத் திரைக்குள் புகுந்தது. தயவு செய்து விரலால் நசுக்காதீர்கள். நசுக்கினால் அங்கேயே ஒட்டிக்கொண்டு, லேப்டாப் இருக்கிறவரை உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். திரையை அணைத்து, இருட்டில் பக்கத்தில் ஒரு விளக்கை ஏற்றி வைத்தால் தானாக வெளியே வரப் பார்க்கும்.

புதிய லேப்டாப் வாங்கிய அன்றே செய்ய வேண்டிய சோதனை இது. வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஐந்து நிறப் படங்களைத் தயார் செய்து (எந்த வரைபடச் செயலியிலும் செய்யலாம்) ஒவ்வொன்றாகத் திரை முழுக்கக் காட்டுங்கள். கறுப்பில் எரியும் புள்ளி தெரியும். வெள்ளையில் செத்த புள்ளி தெரியும். மூன்று நிறங்களில் அரைகுறையாகச் செத்தது தெரியும். ஒன்று கண்டுபிடித்தால் கடைக்காரர் மாற்றித் தருவாரா? பல நேரம் மாட்டார். 2001இல் வந்த ஐ.எஸ்.ஓ. 13406-2 என்ற உலகத் தரக் கணக்கு, இரண்டாம் வகுப்புத் திரைக்குப் பத்து லட்சம் பிக்சலில் எப்போதும் எரிவது 2, எப்போதும் அணைந்தது 2, நிறத்துண்டுக் குறை 5 என்று அனுமதித்தது. பிறகு 2008இல் வேறு தரம் அதன் இடத்துக்கு வந்தது. ஆனாலும் பல நிறுவனங்களின் வாரண்டி இந்தப் பாணியில்தான் கணக்குப் பார்க்கிறது. வாரண்டித் தாளில் பொடி எழுத்தில் எத்தனை புள்ளி வரை பொறுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறது என்று காசு கொடுக்குமுன் படிக்க வேண்டும். எனக்கு இது அநியாயமாகத்தான் படுகிறது. ஆனால் 62 லட்சம் டிரான்சிஸ்டரில் ஒன்றுகூடப் பழுதில்லாமல் செய்வது எவ்வளவு பெரிய வேலை என்பதும் உண்மை. ஸ்டக் பிக்சலுக்கு மட்டும் ஒரு வைத்தியம் உண்டு: நிறங்களை வேகமாக மாற்றி மாற்றிக் காட்டும் செயலியை அந்த இடத்தில் ஓடவிட்டால் சில நேரம் சரியாகும். செத்ததுக்கு வைத்தியம் இல்லை.

ஏரிக்கரைக்காரர்களுக்கு இன்னும் இரண்டு எதிரிகள். ஒன்று வெயில். உச்சி வெயிலில் வெள்ளைத் தாளின் பிரகாசம் சுமார் 25,000 நிட் (நிட் என்பது பிரகாசத்தை அளக்கும் அலகு). விலை குறைந்த லேப்டாப் திரையின் பிரகாசம் 250 நிட் அளவுதான். நூறு மடங்கு வித்தியாசத்தோடு போட்டி போட முடியுமா? படகடியில் உட்கார்ந்து படிக்க ஆசைப்பட்டால் புத்தகம்தான் ஜெயிக்கும். லேப்டாப் என்றால் நிழலும், பளபளக்காத மங்கல் பூச்சுத் திரையும் வேண்டும்.

மற்றொன்று உப்புக்காற்று. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தை இழுத்துத் தானே தண்ணீராகிவிடும். மழைக்காலத்தில் சமையலறை உப்பு கசிவதைப் பார்த்திருப்பீர்களே. காற்றோடு வரும் உப்புத் தூள் லேப்டாப்புக்குள் படிந்து, இரவு ஈரத்தில் கசிந்தால், திரைக் கேபிள் மாட்டும் இடத்தில் அரை மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்கும் உலோகக் காம்புகளுக்கு நடுவே உப்புத் தண்ணீர்ப் பாலம் விழும். மின்சாரம் போகக் கூடாத இடத்துக்குப் போகும். செம்பு பச்சை பூத்து அரிக்கும். முதலில் திரை அவ்வப்போது மினுக்கும், பிறகு கோடு விழும். வேலை முடிந்ததும் லேப்டாப்பை ஜன்னலோரம் திறந்து போடாமல் மூடி, நன்றாக மூடுகிற பைக்குள் வையுங்கள். புதுச் செருப்புப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களை எறியாமல் கூடப் போட்டு வைக்கலாம். துடைப்பதற்கு முன் மணலை ஊதித் தள்ளுங்கள். ஏனென்றால் மணல் திரைப் பூச்சைக் கீறும். பிறகு அணைத்துவிட்டு, நல்ல தண்ணீரில் லேசாக நனைத்த மெல்லிய துணி. ஸ்பிரிட்டும் நகப்பூச்சு அழிப்பானும் பக்கத்தில் வரக் கூடாது. மூடுவதற்குமுன் விசைப்பலகை மேல் பேனா கிடக்கிறதா என்று ஒரு பார்வை. உடைந்த திரைகளில் பேனா உடைத்தவை எத்தனையோ!

கடைசியாக, உங்களுக்கு ஒரு நோயாளி. ஒரு லேப்டாப்பின் மூடியைப் பாதி திறந்தால் படம் நன்றாகத் தெரிகிறது. முழுக்கத் திறந்தால் திரை மினுக்கி, பச்சைக் கோடுகள் ஓடுகின்றன. மறுபடி கொஞ்சம் சாய்த்தால் சரியாகிறது. ஸ்கிரீன்ஷாட்டில் கோடு இல்லை. டி.வி.யில் இணைத்தால் மூடி எந்தக் கோணத்தில் இருந்தாலும் படம் சுத்தம். கெட்டது திரைக்கண்ணாடியா, பின்விளக்கா, கணினியா, கேபிளா? மூடி மடங்கும் இடத்தில் உள்ளே என்ன ஓடுகிறது என்று யோசித்துவிட்டுச் சொல்லுங்கள்.